செஸ்ட் ரிக்கில் தண்ணீர்: பாட்டில் முன்னால் இருந்தால் கழுத்து இழுக்கிறது, எங்கே மாற்றலாம்?

ஓடைக்கரை:

ஒன்டாரியோவில் ஜூலை மாதம் நடக்கும் 12 மணி நேர ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் போலித் துப்பாக்கி விளையாட்டு) ஆட்டத்துக்கான அமைப்பு இது. எக்ஸ் வடிவ ஹார்னஸ் (தோளில் மாட்டும் பட்டைகள்) உள்ள செஸ்ட் ரிக், அதாவது சிறு பைகளை (பௌச்) நெஞ்சில் கட்டிக்கொள்ளும் தொகுப்பு. நடுவில் நான்கு எம்4 துப்பாக்கி மேகசீன் (குண்டு நிரப்பும் பெட்டி), இடப்பக்கம் வாக்கிடாக்கி, வலப்பக்கம் ஒரு லிட்டர் நால்ஜீன் பாட்டில் (விறைப்பான பிளாஸ்டிக்). அதற்கு மேல் 20 லிட்டர் முதுகுப்பை. நான் வலக்கைக்காரன்.

நண்பகலுக்குள் பிடரி வலிக்கத் தொடங்குகிறது. ஓடும்போது ரிக் வலப்பக்கம் சாய்ந்து ஆடுகிறது. குப்புறப் படுத்தால் பாட்டில் விலாவில் குத்துகிறது. ஒரு லிட்டர் போதவும் இல்லை, அதனால் முதுகில் சுமந்து குழாய் வழியாகக் குடிக்கும் மூன்று லிட்டர் நீர்ப்பை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எதை எங்கே மாட்டினால் சரியாகும்?

தையல்மிஷின்:

நீர்ப்பை வாங்குவதற்கு முன் அந்தப் பாட்டிலை முன்பக்கத்திலிருந்து எடுங்கள். தண்ணீர் ஒரு கிலோ, பாட்டில் 180 கிராம் அளவு. ஆக ஏறத்தாழ 1.2 கிலோ ஒரே ஓரத்தில் தொங்குகிறது. எடையை விடப் பெரிய கெடுதல் அதன் பருமன். எம்4 மேகசீன் நெஞ்சோடு படுத்திருக்கும்போது இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் துருத்தும். நால்ஜீனின் விட்டம் 9 சென்டிமீட்டர். எடை உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்குத் தோள்பட்டையை முன்னால் இழுக்கும். அந்த இழுப்பை எக்ஸ் ஹார்னஸ் நேராகக் கழுத்தடிக்குக் கொண்டுபோகிறது, ஏனென்றால் பட்டைகள் முதுகில் குறுக்காகப் போவதால் மேலே கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. எச் வடிவ ஹார்னஸில் இரண்டு பட்டையும் தோளின் நடுவில் உட்காரும். முதுகுப்பையும் போடுபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ் பட்டைகள் குறுக்கிடும் இடத்தில் துணி இரட்டிப்பாகி, பையின் எடை அந்தப் புள்ளியில் அழுத்தும். திண்டு வைத்த தடித்த ஹார்னஸும் வேண்டாம், பையின் தோள்பட்டை அதன் மேல் வழுக்கும். இரண்டு அங்குல அகலத் தட்டைப் பட்டை போதும்.

இனி ரிக்கின் உயரம். பெரும்பாலானோர் இதைத் தாழ்வாகவே கட்டுகிறார்கள். ரிக்கின் கீழ் விளிம்பு கடைசி விலா எலும்போடு நிற்க வேண்டும், தொப்புளைத் தொடக் கூடாது. தாழ்ந்திருந்தால் மண்டியிடும்போது தொடை அதை மேலே தள்ளும், முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் பூட்ட முடியாது. இடுப்புப் பட்டை பூட்டாத பையின் முழுச் சுமையும் தோளுக்கு வந்துவிடும். உங்கள் பிடரி வலியில் பாதி இதனால் இருக்கலாம்.

வெறும் ரிக்கை வைத்து அளவு பார்க்காதீர்கள். எல்லாப் பௌச்சையும் நிரப்பி, எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டுப் போடுங்கள். முதலில் தோள்பட்டைகளை இழுத்து உயரத்தைப் பிடியுங்கள். பிறகு மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தி, முதுகுப் பட்டையை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். மூச்சை விட்டு இறுக்கினால் மேட்டில் ஓடும்போது நெஞ்சு விரிய இடமிருக்காது. பத்துத் தடவை குதித்துப் பாருங்கள். ரிக் மேலும் கீழும் ஆடினால் முதுகுப் பட்டை தளர்வு, ஒரு பக்கம் சாய்ந்தால் எடை சமமில்லை. மிஞ்சும் பட்டை நுனிகளைச் சுருட்டி எலாஸ்டிக்கால் கட்டிவிடுங்கள், கிளையில் மாட்டுவது அவைதான்.

பௌச் ஆடினால் கோத்த விதத்தையும் பாருங்கள். மோலி பட்டைகள் (பௌச் கோக்க ரிக்கில் வரிசையாகத் தைத்தவை) ஒரு அங்குல அகலம், ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். பௌச்சின் நாடா ரிக்கின் பட்டைக்குள் ஒருமுறை, பௌச்சின் பட்டைக்குள் ஒருமுறை என்று மாறி மாறிப் போக வேண்டும். பலர் ரிக்கின் பட்டைகளில் மட்டும் நேராக இறக்கிவிட்டுக் கீழே பொத்தானைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிக் கோத்த பௌச் மேலும் கீழும் மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் விலகித் தொங்கும்.

நீரோட்டம்:

நீர்ப்பை வாங்குங்கள், ஆனால் தட்டையானதாக. முன்னால் இருக்கும் மேகசீன்களுக்கு எதிர் எடையாகத் தண்ணீர் முதுகெலும்பை ஒட்டி இருப்பதே சரி. தனி உறையில் போட்டு மேல் இரண்டு கொக்கியை ஹார்னஸிலும், கீழ் இரண்டை முதுகுப் பட்டையிலும் மாட்டுங்கள். கீழே மாட்டாமல் விட்டால் ஓடும்போது மூன்று கிலோ முதுகில் அறையும்.

நிரப்பியதும் காற்றை எடுப்பது முக்கியம். மூடியை இறுக்கி, பையைத் தலைகீழாகப் பிடியுங்கள். காற்று குழாய் முனைப் பக்கம் ஏறிவரும், அதைத் தண்ணீர் வரும்வரை குழாய் வழியாக உறிஞ்சிவிடுங்கள். காற்று இல்லாத பை குலுங்காது, சத்தமும் போடாது. ஒளிந்து விளையாடும் ஆட்டத்தில் களக் களக் என்ற அந்தச் சத்தம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குழாய் இடது தோளில் வரட்டும். வலது தோள் துப்பாக்கிக் கட்டைக்கு உரியது, அங்கே குழாய் இருந்தால் நசுங்கும், கட்டையும் வழுக்கும். ஆனால் உங்கள் வாக்கிடாக்கி இடப்பக்கம் இருக்கிறதே. அதைக் கமுக்கட்டின் கீழே, முதுகுப் பக்கமாகத் தள்ளி, பேசும் பொத்தானை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். குழாய் முனை காரை எலும்புக்கு அருகே நின்றால் சொட்டும் தண்ணீர் வாக்கிடாக்கியில் விழாது. குப்புறப் படுக்கும்போது குழாய் முனையில் கடித்து உறிஞ்சும் வாய் நசுங்கி ஒழுகும், அதனால் அடைப்பு வால்வு உள்ள வாயாக எடுங்கள். குழாயை நீளமாகத் தொங்கவிடாதீர்கள். தலையைத் திருப்பினால் வாய்க்கு எட்டும் அளவு வைத்து மிச்சத்தை வெட்டிவிடுங்கள், அறுவை நேராக இருக்கட்டும். சாய்வாக வெட்டினால் இணைப்பில் கசியும்.

ஓடைக்கரை:

நன்றி இருவருக்கும். எச் ஹார்னஸ் மாற்றுகிறேன். ஒரு சந்தேகம்: நீர்ப்பை உறை முதுகில் இருக்க, அதன் மேல் 20 லிட்டர் பையையும் போடலாமா? இல்லை, நீர்ப்பையைப் பைக்குள்ளேயே வைத்துவிடலாமா?

மலைச்சரிவு:

இரண்டையும் அடுக்காதீர்கள். உறை நடுவில் இருந்தால் பை நான்கைந்து சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளப்படும், நீங்கள் முன்னால் குனிந்து ஈடுகட்டுவீர்கள், மாலைக்குள் இடுப்பு பிடிக்கும். பை கொண்டுபோகும் நாளில் நீர்ப்பை பைக்குள், முதுகை ஒட்டிய அறையில் இருக்கட்டும். உறையைக் கழற்றி வீட்டில் வையுங்கள். போடும் வரிசை ரிக் முதலில், பை பிறகு. குழாயை ரிக்கில் கட்டாமல் பையின் தோள்பட்டையிலேயே கிளிப் போடுங்கள். அப்போதுதான் பையை ஒரே அசைவில் கழற்றிப் போட முடியும்.

ஆனால் பையைப் போட்டுவிட்டு ஓடினால் தண்ணீரும் போய்விடும். அதனால் ரிக்கிலும் ஒரு லிட்டர் இருந்தே ஆக வேண்டும் என்பேன். நீரோட்டம் சொன்னதில் நான் வேறுபடுவது இங்கேதான்: முன்னால் தண்ணீரே கூடாது என்பதில்லை, விறைப்பான பாட்டில்தான் கூடாது. மலை ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் அரை லிட்டர் மென்குடுவை இரண்டு வாங்கி, ரிக்கின் இரு ஓரத்திலும் ஒவ்வொன்றாக வையுங்கள். குடிக்கக் குடிக்கச் சுருங்கும், படுத்தால் குத்தாது. இரண்டிலும் மாறி மாறிக் குடித்தால் எடையும் ஒரு பக்கம் சாயாது. மெல்லிய பிளாஸ்டிக் என்பதால் கூர்மையான பொருளோடு ஒரே பௌச்சில் போடாதீர்கள்.

பையை முதுகில் வைத்துக்கொண்டே தோட்டாவை முன்னால் சுமக்க உதவுவதுதான் செஸ்ட் ரிக். ஏகே வகைத் துப்பாக்கிக்கான சீனாவின் டைப் 56 நெஞ்சுப் பையைப் பார்த்தால் தெரியும்: நடுவில் மூன்று மேகசீன், இரு ஓரமும் சின்னப் பைகள், முதுகில் மெல்லிய பட்டை தவிர ஒன்றுமில்லை. தண்ணீர்க் குடுவை தனியாகப் போனது. முன்பக்கம் ஒரு மேகசீனின் பருமனைத் தாண்டித் துருத்தக் கூடாது என்ற விதியை இன்றைய ரிக்கிலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தையல்மிஷின்:

மென்குடுவை யோசனை நல்லது. மூடி இல்லாத மேகசீன் பௌச்சில் மட்டும் வைக்காதீர்கள், காலியாகும்போது மேலே நழுவி வெளியே விழும். மூடியோ ஜிப்போ உள்ள சின்னப் பௌச்சில் வையுங்கள்.

நீரோட்டம்:

மலைச்சரிவு சொல்வதை ஏற்கிறேன், பை போடும் நாளுக்கு அதுவே சரி.

அளவு பற்றி யாரும் பேசவில்லை. அமெரிக்க ராணுவத்தின் வெயில் கால வழிகாட்டுதல் மணிக்கு ஒன்றரை குவார்ட், அதாவது சுமார் 1.4 லிட்டர், ஒரு நாளைக்கு 12 குவார்ட், சுமார் 11.4 லிட்டர், இவற்றைத் தாண்டாதே என்கிறது. தண்ணீரை மட்டும் அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆளைச் சாய்க்கும். ஜூலை வெயிலில் ஓடியாடி மணிக்கு முக்கால் லிட்டர் குடித்தாலே 12 மணி நேரத்துக்கு ஒன்பது லிட்டர் ஆகிறது. ஒன்பது கிலோவைச் சுமந்து ஆட முடியாது. மூன்று லிட்டர் எடுத்துக்கொண்டு, நிரப்பும் இடத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே அமைப்பாளரிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் மணிக்கணக்கு வைத்துக் குடியுங்கள், குடுவைகளைக் கடைசி இருப்பாகத் தொடாமல் வையுங்கள். நீர்ப்பை காலியானதும் குடுவையைத் திறக்கிறீர்கள் என்றால் நிரப்பும் இடத்துக்கு நடக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உப்பு சர்க்கரைக் கரைசலை ஒரு குடுவையில் மட்டும் கலக்குங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரைப் பாருங்கள், ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கொட்டக் கூடாது. நீர்ப்பையில் சர்க்கரை சேர்ந்தால் குழாயின் உள்சுவரில் பூஞ்சை பிடிக்கும், பிறகு தூரிகை போட்டுத் தேய்த்தாலும் வாடை போகாது.

ஓடைக்கரை:

வெறும் தண்ணீர் ஊற்றினாலும் குழாயில் கறுப்புப் புள்ளி வருகிறதே?

நீரோட்டம்:

ஈரத்தோடு சுருட்டி வைத்தால் வரும். குழாயைப் பையிலிருந்து பிடுங்கி, கடிக்கும் வாயையும் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரை அரை மணி நேரம் நிறுத்தி அலசுங்கள். குழாயின் ஒரு நுனியைப் பிடித்துச் சுழற்றினால் உள்ளே நிற்கும் நீர் தெறித்துவிடும், பிறகு செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். பையின் சுவர்கள் ஒட்டாமல் நடுவில் ஒரு துணிமாட்டியைச் செருகிக் காயவையுங்கள். காயவைக்க நேரமில்லையென்றால் தண்ணீரை வடித்துவிட்டு உறைபெட்டியில் போட்டு வைக்கலாம், அங்கே பூஞ்சை வளராது. வெளியே எடுத்தவுடன் மட்டும் மடக்காதீர்கள், விறைத்த மடிப்பில் கீறல் விழும்.