மோச்சே முகக் கலயங்கள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பெருவின் வட கடற்கரையில் சுமார் கி.பி. 100 முதல் 800 வரை செழித்திருந்த மோச்சே மக்களின் முகக் கலயங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அச்சில் அழுத்தி எடுத்த சுடுமண் தலை. உச்சியில் இரு கிளையாக வளைந்து ஒன்றுசேரும் குழாய். ஒரு முகம் மட்டும் மனதை விட்டு அகலவில்லை. உதட்டருகே வெட்டுத் தழும்பு. அதே தழும்போடு அவரைச் சிறுவனாக, இளைஞனாக, முதிர்ந்த ஆளாக வனைந்திருக்கிறார்கள். எத்தனை ஆண்டு உற்றுப் பார்த்த கைகள் அவை!

வேறு சில கலயங்களில் கழுத்தில் கயிறு கட்டிய கைதிகள். என் சிக்கல் இதுதான்: இம்முகங்கள் தலைவர்களின் பெருமையைப் பரப்பியவையா, பலியாகவிருந்த வீரர்களின் நினைவா? தெளிவாக விளக்கும் நூல் தெரிந்தால் சொல்லுங்கள். லிமாவிலுள்ள லார்கோ அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள், பக்கவாட்டில் எடுத்த படங்கள் இருந்தால் பகிருங்கள்.