மின்துறை ஏஐ கூட்டு முயற்சிகளில் நீங்கள் பார்த்தது என்ன?

ரிலே ராஜா:
2025 மார்ச்சில் அமெரிக்க மின் ஆராய்ச்சி அமைப்பான எப்ரியும், சிப் கம்பெனி என்விடியாவும், மின் நிறுவனங்களும் சேர்ந்து ஓப்பன் பவர் ஏஐ கன்சார்டியம் அறிவித்ததை எல்லாரும் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை. அதற்கு முன்பே இங்கே அமெரிக்காவில் சில மின் நிறுவனங்கள் கூடி நடத்திய ஒரு சின்ன முயற்சி. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களை வைத்து, எது பழுதாகப் போகிறது என்று மாடல் சொல்ல வேண்டும். நன்றாக ஓடும் டிரான்ஸ்ஃபார்மரின் ரீடிங் எல்லாரிடமும் கொட்டிக் கிடக்கிறது. எரிந்துபோனதன் ரீடிங் யாரிடமும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மேல் இல்லை. அதனால்தான் கூட்டே.

யார் முதலில் தருகிறீர்கள் என்று கேட்டதும் மீட்டிங்கில் எல்லாரும் மியூட். ஒரு வக்கீலம்மா மட்டும், “அடையாளங்களை நீக்கிவிட்டுத் தரலாம்” என்றார். அப்புறம் ஃபைல் வந்தது. சப்ஸ்டேஷன் பெயர் இல்லை, சரி. சீரியல் நம்பர் இல்லை, சரி. தேதியும் இல்லை! அசிட்டிலீன் 14 பிபிஎம் என்று ஒரு வரி. பத்து வருஷமாக நகராமல் நிற்கிற 14ஆ, போன வாரம் பூஜ்யத்திலிருந்து ஏறிய 14ஆ? முதலாவது என்றால் நான் டீ குடிக்கப் போவேன். இரண்டாவது என்றால் உள்ளே ஆர்க், அதாவது மின்பொறி அடிக்கிறது, உடனே யூனிட்டை நிறுத்தியாக வேண்டும். அந்த வரியை அப்படியே பயிற்சிக்குக் கொடுத்தார்கள். இன்னமும் அந்த 14 என்னை விடவில்லை.

லேபிள் செல்வி:
நான் சென்னையில் டிரோன் படங்களுக்கு லேபிள் போடும் வேலையில் இருந்தேன். வெளிநாட்டு லைன்கள்தான். எப்ரி பொதுவில் விட்ட இன்சுலேட்டர் (மின்கம்பியைத் தாங்கும் பீங்கான்) படங்களைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரிதான்: நல்லது, உடைந்தது, ஃப்ளாஷ்ஓவர் ஆனது, அதாவது மேற்பரப்பில் மின்பொறி பாய்ந்தது. பழுப்புப் பீங்கானில் ஒரு வெள்ளைத் திட்டு. ஃப்ளாஷ்ஓவரில் மேல்பூச்சு போனதா, பறவை எச்சமா? எங்கள் டீமில் பாதிப் பேர் அது, பாதிப் பேர் இது. கிளையன்ட் ஒரு நாள் வயசான லைன்மேன் ஒருவரை வீடியோ காலில் சேர்த்தார்கள். படத்தைப் பார்த்த உடனே, “எச்சம். மேலேயிருந்து கீழே வழிந்திருக்கிறது பார்” என்றார். அவ்வளவுதான். அவரிடம் கேட்க நாங்கள் ஒரு கட்டுக் கேள்வி வைத்திருந்தோம், அதற்குள் பில்லிங் நேரம் முடிந்துவிட்டது என்று இணைப்பைக் கட் செய்துவிட்டார்கள். அவருக்குப் பிறகு யாரையும் சேர்க்கவில்லை.

பழைய ஏஇ:
ராஜா தம்பி, அந்த வக்கீலம்மாவைக் குறை சொல்லாதீர்கள். 2013 ஏப்ரலில் கலிஃபோர்னியா மெட்காஃப் சப்ஸ்டேஷனில் ராத்திரியில் யாரோ துப்பாக்கியால் சுட்டு 17 டிரான்ஸ்ஃபார்மர்களை நாசம் செய்தார்கள். எண்ணெய் ஒழுகிச் சூடேறி ஒவ்வொன்றாக விழுந்தன. அதற்குப் பிறகு எது எங்கே பலவீனமாக இருக்கிறது என்ற பட்டியலை வெளியே விட எவன் துணிவான்?

நானும் இப்படி ஒரு கூட்டு முயற்சியில் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு பிரமாதம், டேட்டா வரவில்லை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தேதியை அழிக்க வேண்டியதில்லை. முதல் சாம்பிளை நாள் 0 என்று வைத்து, அடுத்தது நாள் 40, அதற்கடுத்தது நாள் 47 என்று கொடுத்தால் வேகம் தெரிந்துவிடும், ஊர் தெரியாது. அதுவும் பயமென்றால் டேட்டாவை அங்கேயே விட்டுவிட்டு மாடலை அனுப்புங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் சர்வரில் பயிற்சி கொடுத்து, கற்றதை மட்டும் திருப்பி அனுப்பட்டும். கிரிட்டை, அதாவது மின் வலையமைப்பை, இயக்குவது சம்பந்தமான வேலை என்றால் நிஜ நெட்வொர்க்கே வேண்டாம். பிரான்ஸின் மின்கடத்தல் நிறுவனம் ஆர்டிஇ 2019 முதல் கிரிட்டை ஏஐ இயக்கும் போட்டி நடத்தியதே, பொதுவில் கிடைக்கும் சோதனை கிரிட்டில்தானே? அதற்கான கிரிட்2ஆப் மென்பொருள் இலவசம், இறக்கிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் யார் மாடலை வைத்துக்கொள்வது என்பதை முதல் நாளே எழுதுங்கள். பயிற்சி முடிந்தபின் பேசினால் சண்டைதான் வரும். முக்கியமாக, கூட்டத்துக்கு மேனேஜர்களை மட்டும் அனுப்பாமல், வேலை தெரிந்தவர்களையும் அனுப்புங்கள்.

லேபிள் செல்வி:
சார், சோதனை கிரிட்டில் காக்கா எச்சம் இருக்காதே. எங்கள் வேலைக்கு அது எப்படி உதவும்?

பழைய ஏஇ:
உங்களுக்குச் சொல்லவில்லையம்மா, ராஜாவுக்குச் சொன்னேன்.

ரிலே ராஜா:
நாள் 0 முறையைக் கேட்டோம் சார். சட்டப்பிரிவு பரிசீலிக்கிறதாம்.

முப்பந்தல் காற்று:
காற்றாலை ஃபோர்காஸ்ட் பக்கம் இருந்து ஒன்று. நாளுக்கு 96 பிளாக், பிளாக்குக்கு 15 நிமிஷம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், தப்பினால் அபராதம், தெரிந்ததுதான். பண்ணைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஸ்காடா (காற்றாலைகளின் தானியங்கிப் பதிவு) டேட்டாவை ஒரு தனியார் ஃபோர்காஸ்ட் கம்பெனிக்குக் கொடுத்தோம். ஜூலை, சீசன் உச்சம். மதியம் உற்பத்தி பாதியாகும் என்று மாடல் சொல்கிறது. நான் ஆரல்வாய்மொழியில் ரோட்டோரம் நிற்கிறேன், தலையில் துண்டு நிற்கவில்லை, அப்படிக் காற்று.

தோண்டிப் பார்த்தால், முந்தைய சீசன்களில் மதியம் சோலார் ஏறும்போது எங்களை பேக்டவுன் செய்ய, அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். டேட்டாவில் மெகாவாட் குறைந்தது மட்டும் பதிவாகியிருக்கிறது, ஏன் குறைந்தது என்பது இல்லை. மதியம் காற்று ஓய்ந்துவிடும் என்று மாடல் கற்றுக்கொண்டது. சரி, பேக்டவுன் நேரங்களை நீக்கிவிடலாம் என்று பண்ணைகளில் பதிவு கேட்டால், பாதி இடத்தில் அதெல்லாம் ஃபோனில் சொன்னது, எழுதி வைக்கவில்லை என்கிறார்கள். இங்கே ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் யாராவது டைரியில் குறித்து வைத்திருந்தால் சொல்லுங்கள். ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும்.