சைவ ஒடியல் கூழும் படுக்க முதல் ஒரு கதையும்

வணக்கம் அக்காமார், அண்ணாமார். ரெண்டு உதவி வேணும்.

விடியப் பாண், இரவைக்குப் புட்டு, இல்லாட்டி இடியப்பமும் சொதியும். எங்கட வீட்டில மாறாமல் இதுதான். பிள்ளையள் முகத்தைச் சுளிக்கத் தொடங்கியிட்டினம். அதால கிழமைக்கு ஒருக்காவாவது வேற ஏதும் செய்வம் எண்டு இருக்கிறன். முதல்ல ஒடியல் கூழ், அதுதான் பச்சையாக் காயவிட்ட பனங்கிழங்கின்ர மாவில காய்ச்சிற கூழ்.

மாமி மச்சம் சாப்பிடமாட்டா, அதுதான் சிக்கல். நண்டும் இறாலும் மீன்தலையும் போட்டால் ருசி தன்பாட்டில வந்திடும். ஒடியல் மாவை ஊறவிட்டு, தெளிஞ்ச தண்ணியை வடிச்சுக் கைப்புத்தன்மையை எடுக்கிறது, செத்தல் மிளகாய் அரைச்சுப் பழப்புளியோட கரைக்கிறது எல்லாம் தெரியும். ஆனா பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளி, முருங்கையிலை மட்டும் போட்டால் அந்தக் கனதி எப்பிடி வரும்? தேங்காய்ப்பால் விடலாமோ? என்னைக் கேட்டால், பால் விட்டால் அது கூழில்லை, சொதி. செய்து பாத்த ஆக்கள் சொன்னாக் கேப்பன்.

மற்றது புத்தகம். படுக்க முதல் போனைத் தூக்கி வைச்சிட்டு வாசிக்க விருப்பம். நூலகம் இணையத்தளத்தில எங்கட ஆக்களின்ர புத்தகங்களும் பழைய சஞ்சிகையளும் காசில்லாமல் கிடக்குது. ஆனா அதுவும் போன்தானே! தாள் புத்தகம்தான் வேணும். ஒரே இருப்பில ஒரு கதை முடியிறமாதிரி ஈழத்துச் சிறுகதைத் தொகுப்புகள் சொல்லுங்கோ. தடிச்ச நாவல் எண்டால் ரெண்டாம் பக்கத்திலயே நித்திரை. யாழ்ப்பாணம் பொது நூலகத்தில இரவல் எடுக்க அங்கத்துவத்துக்கு என்னென்ன கொண்டுபோகவேணும் எண்டும் ஆராவது சொன்னால், இந்தக் கிழமையே போயிடுவன்.