பொருள்: மெட்ராய்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

வாட்டர்லூ மாணவி, திங்கள்

மடற்குழுவினருக்கு வணக்கம். ஜனவரி தமிழ் மரபுத் திங்களுக்காக டொராண்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கணிதக் கண்காட்சி வைக்கிறார்கள். இங்கே வாட்டர்லூ பல்கலையின் சேர்ப்பியல் (பொருள்களைச் சேர்க்கும் விதங்களை ஆராயும் கணிதம்), உகப்பாக்கத் (சிறந்த தெரிவைத் தேடும் கணிதம்) துறைக் கருத்தரங்குகளில் என்னதான் பேசுகிறோம் என்று ஒரு பதாகை எழுதித் தரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மரம், காடு, சுற்று போன்ற கலைச்சொற்கள் எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. தலைப்பில்தான் இடறி நிற்கிறேன்.

விஷயம் இதுதான். 4 ஊர்களைச் சுற்று வராமல் கம்பியால் இணைக்க வேண்டும். 16 விதமாக இணைக்கலாம். எப்படி இணைத்தாலும் 3 கம்பிதான். ஓர் அணியில் (மேட்ரிக்ஸ், அதாவது எண்கள் நிற்கும் கட்டம்) ஒன்றையொன்று சாராத, அதாவது ஒன்றை மற்றவற்றிலிருந்து கூட்டிப் பெருக்கிப் பெற முடியாத நிரல்களைப் (செங்குத்து வரிசைகளை) பொறுக்கினாலும் அதே கதை. எங்கே தொடங்கினாலும், இனிமேல் சேர்க்க முடியாது என்று நிற்கும்போது கையில் இருக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். இரண்டுக்கும் பொதுவான இந்த அமைப்புக்குக் கணிதவியலர் ஹாஸ்லர் விட்னி 1935இல் மெட்ராய்டு என்று பெயர் வைத்தார். மேட்ரிக்ஸ் பாதி, ‘ஆய்டு’ பாதி.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

இதில் தயக்கம் எதற்கம்மா? மேட்ரிக்ஸ் அணி, ஆய்டு போலி. அணிப்போலி. ‘போல்’ அடியாகப் பிறந்த சொல். முகம் என்பது முகன் ஆனால் கடைப்போலி. ஓர் எழுத்து நின்ற இடத்தில் இன்னோர் எழுத்து வந்தும் பொருள் மாறுவதில்லை. உங்கள் கம்பிகளிலும் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்கலாம் அல்லவா? நன்னூலார் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பெங்களூரு, மென்பொருள்

ஐயா, போலி டாக்டர், போலி பாஸ்போர்ட், அந்த வரிசையில் போலி அணியா? டூப்ளிகேட் கிரிக்கெட் டீம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். மெட்ராய்டு என்றே விட்டுவிடலாம். பஸ்ஸை பஸ் என்று சொல்லித்தானே ஏறுகிறோம்.

கோவை, வேதியியல் ஆசிரியை

தம்பி, சிலிக்கானை உலோகப்போலி என்றுதான் நாங்கள் வகுப்பில் நடத்துகிறோம். இதுவரை எந்தப் பிள்ளையும் அதைக் கள்ளச்சரக்கு என்று நினைத்ததில்லை. ஆல்கலாய்டுக்குக் காரப்போலி என்றும் எழுதுகிறார்கள். சொல் புழங்கினால் பழகிவிடும்.

பெங்களூரு

அப்படியானால் ஆஸ்டிராய்டு ஏன் விண்மீன்போலி ஆகவில்லை டீச்சர்? சிறுகோள் என்றுதானே சொல்கிறோம். அங்கே ‘ஆய்டு’வை யாரும் தேடவே இல்லை.

யாழ்ப்பாணம், கணித ஆசிரியர்

போலியைப் பிறகு பார்ப்போம், முதலில் ‘அணி’யே பிழை. எங்கள் பாடநூலில் மேட்ரிக்ஸ் என்றால் தாயம். டொராண்டோ வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பனில் கனபேர் அப்படிப் படித்தவர்கள். லத்தீனில் மேட்ரிக்ஸ் என்றால் கருப்பை. அதன் வேர் ‘மாத்தேர்’, தாய். தாயிலிருந்து தாயம் என்று யாரோ யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். எனவே தாயுரு என்று போடுங்கோ தங்கச்சி. கிரேக்கத்தில் ‘ஆய்டு’க்கு மூலமான சொல்லின் பொருளும் உருவம்தான், போலி இல்லை.

மதுரை

தாயத்துக்கும் தாய்க்கும் தொடர்பில்லை ஐயா. புறநானூற்றில் வரும் ‘பழவிறல் தாயம்’ அரசுரிமை. தாயாதிச் சண்டையில் இருப்பதும் இதே தாயம்தான். வடமொழி ‘தாய’, அதாவது பங்கு. ஆய்டுக்கு உவம உருபுதான் வேண்டுமென்றால் தொல்காப்பியத்தில் ‘அன்ன’, ‘மான’ எல்லாம் இருக்கின்றன. அணிமானம் எனலாம். அணியன்னம் என்றால் பறவையா சோறா என்று கேட்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

சிங்கப்பூர்

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். இங்கே இரண்டு நாளாக உருட்டுகிறோம்.

வாட்டர்லூ மாணவி, புதன்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சிக்கலைச் சொல்ல மறந்துவிட்டேன். மெட்ராய்டுகள் எல்லாம் அணியிலிருந்து வருவதில்லை. வாமோஸ் மெட்ராய்டு என்று ஒன்று, வெறும் 8 உறுப்புகள்தான். எந்தப் புலத்தின் மேலும், அதாவது கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுக்கக்கூடிய எந்த எண் தொகுதியை எடுத்தாலும், அதற்கு அணி கிடையாது. அது விதிவிலக்கும் இல்லை. எங்கள் துறையின் பீட்டர் நெல்சன் 2018இல் நிறுவியபடி, உறுப்புகள் பெருகப் பெருக, ஏறக்குறைய எல்லா மெட்ராய்டுகளும் அணியில் அடங்காதவைதான். அணிப்போலியோ தாயுருவோ, பெயரில் இருக்கும் அணியே பெரும்பாலும் கிடையாது. கணிதவியலர் ஜான் கார்லோ ரோட்டாவுக்கும் மெட்ராய்டு என்ற சொல் பிடிக்கவில்லை. சேர்ப்பியல் வடிவியல் என்று மாற்றப் பார்த்தார், எடுபடவில்லை.

திருச்சி, கல்லூரி விரிவுரையாளர்

அப்படியானால் கருத்திலிருந்து பெயர் வைப்போம். சாராமைதான் இதன் உயிர். சார்பிலி.

பெங்களூரு

சார், பிளஸ் ஒன் புத்தகத்தில் சார்பு என்றால் ஃபங்ஷன். சார்பிலி என்றால் ஃபங்ஷன் இல்லாத வீடு.

மதுரை

விட்னி அணியைப் பார்த்துப் பெயர் வைத்தார். அது பொருந்தவில்லை என்று மொழிபெயர்ப்பில் திருத்த நாம் யார்? அணு என்றால் பிளக்க முடியாதது என்று கிரேக்கர் சொன்னார்கள். பிளந்த பிறகும் பெயர் மாறவில்லையே.

திருச்சி

அவர்கள் தவறினால் நாமும் தவற வேண்டும் என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது ஐயா? தமிழில் இப்போதுதான் வைக்கிறோம், சரியாகவே வைக்கலாமே. சார்பிலி பிடிக்காவிட்டால் சாராமையம்.

கோவை

சாராமையம் என்றால் ஏதோ சென்டர் போல இருக்கிறது. எனக்குப் பேப்பர் திருத்தும் வேலை இருக்கிறது. என் ஓட்டு அணிப்போலிக்கு.

வாட்டர்லூ மாணவி, வியாழன் இரவு

கணக்குப் பார்த்தேன். தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து அணிப்போலிக்கு 5, மெட்ராய்டுக்கு 4, தாயுருவுக்கு 2, சார்பிலிக்கு அதை முன்மொழிந்தவர் மட்டும். தலைப்பில் பெரிதாக ‘மெட்ராய்டு’ என்றும், கீழே சிறிய எழுத்தில் ‘அணிப்போலி’ என்றும் போட்டு அனுப்பிவிட்டேன். ஓட்டெண்ணிக்கைப்படி இது தலைகீழ்தான். பதாகைக்குப் பக்கத்தில் நின்று கேள்விக்குப் பதில் சொல்லப்போவது நான் என்பதால் இந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன், மதுரை ஐயா மன்னிக்கவும். நீங்கள் சொன்ன போலி விளக்கத்தை மட்டும் நடுவில் ஒரு கட்டத்தில் அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு கம்பி போய் இன்னொரு கம்பி வருவதற்கு அதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

மதுரை

சிறிய எழுத்து எத்தனை புள்ளி அம்மா?

யாழ்ப்பாணம்

அணி என்று அச்சேறியதில் எனக்குச் சம்மதமில்லை. மடற்குழுவின் பதிவில் இருக்கட்டும்.

வாட்டர்லூ மாணவி

இருக்கும் அண்ணா. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். மலிவான கம்பியை முதலில் எடு, சுற்று வந்தால் விட்டுவிடு என்பதைப் பதாகையில் பேராசை வழிமுறை என்று எழுதியிருக்கிறேன். இந்த வழிமுறையை வைத்துக் கோர்ட்டே, லோவாஸ் என்ற கணிதவியலர்கள் 1980களின் தொடக்கத்தில் மெட்ராய்டின் விதிகளை இன்னும் தளர்த்தி, ‘கிரீடி’யோடு (பேராசை) ‘ஆய்டு’ சேர்த்துக் கிரீடாய்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அடுத்த பதாகை அதைப் பற்றித்தான்.

பெங்களூரு

பேராசைப்போலியா? நான் இந்த இழையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.