பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் தொடக்கம்: காசநோய்க் கிருமியின் ஜீனோமிலிருந்து மருந்து எதிர்ப்பைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி | நுண்ணுயிரி_மாணவி

வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காகக் காசநோய்க் கிருமியின் முழு ஜீனோம் தரவு கையில் இருக்கிறது. இலுமினா கருவியில் படித்தது, இரட்டை முனை (ஒவ்வொரு துண்டும் இரு முனையிலிருந்தும்), 150 எழுத்து. ஒவ்வொரு மாதிரிக்கும் ஆர்1, ஆர்2 என இரண்டு ஃபாஸ்ட்கியூ கோப்புகள். எந்த மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். டிபி-புரொஃபைலர் என்ற மென்பொருளில் போட்டால் பதில் வந்துவிடும் என்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்தப் பதிலை நம்ப மனம் வரவில்லை.

மூன்று சந்தேகங்கள்: (1) உயிரியலில் கணினியின் வேலை கணக்கை வேகமாகப் போடுவது மட்டும்தானா? (2) படிகள் என்ன, எங்கே தவறு நடக்கும்? (3) 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப் போதுமா? புரோகிராமிங் தெரியாது.

பதில் 1 | வரிசை_ஒட்டி

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக: போதும். மனித ஜீனோம் ஏறக்குறைய 310 கோடி எழுத்து. உங்கள் கிருமிக்கு 44 லட்சம்தான்.

முதல் கேள்விதான் முக்கியமானது, எண்களை வைத்தே பார்ப்போம். 100 மடங்கு ஆழம் (ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 100 முறை படிப்பது) வேண்டுமென்றால் 44 கோடி எழுத்து தேவை. ஒரு ஜோடிக்கு 300 எழுத்து, ஆக சுமார் 15 லட்சம் ஜோடி, அதாவது 30 லட்சம் ரீடு (கருவி படித்த துண்டு). ஒவ்வொரு ரீடும் ஜீனோமில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். 1981இல் வந்த ஸ்மித்-வாட்டர்மேன் முறை மிகத் துல்லியமானது. ஒரு பக்கம் 150 எழுத்து, மறுபக்கம் 44 லட்சம் எழுத்து வைத்துக் கட்டம் போட்டு நிரப்பும். ஒரே ஒரு ரீடுக்கு 66 கோடி கட்டம். நொடிக்கு 100 கோடி கட்டம் நிரப்பினாலும் 30 லட்சம் ரீடுக்கு 20 லட்சம் நொடி, அதாவது சுமார் 23 நாள். எதிர் இழையையும் பார்க்க வேண்டும் என்பதால் அதுவும் இரட்டிப்பாகும். ஒரு மாதிரிக்கே இந்தக் கதி.

கணினியை மாற்றினால் இது தீராது, முறையை மாற்ற வேண்டும். பிடபிள்யூஏ என்ற மென்பொருள் 1994இல் தரவுச் சுருக்கத்துக்காக உருவான பர்ரோஸ்-வீலர் உருமாற்றத்தைக் கொண்டு ஜீனோமுக்கு முன்கூட்டியே ஒரு அட்டவணை கட்டிக்கொள்கிறது. பிறகு ரீடில் குறைந்தது 19 எழுத்தாவது அப்படியே பொருந்தும் இடங்களைத் தேடி, அந்த இடங்களில் மட்டும் கட்டம் போடுகிறது. வேலை சில நிமிடங்களில் முடிகிறது. இதற்குள் ஓர் உயிரியல் அனுமானம் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள்: உங்கள் கிருமி ஒப்பீட்டு ஜீனோமிலிருந்து (ஒப்பிட எடுத்துக்கொண்ட, ஏற்கெனவே தெரிந்த வரிசை) கொஞ்சம்தான் மாறியிருக்கும் என்று அது நம்புகிறது. காசநோய்க் கிருமிக்கு இது பொருந்தும். வேகமாக மாறும் வைரஸ்களுக்கு எல்லா நேரமும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வேலை, பிழையையும் உண்மையான மாற்றத்தையும் பிரிப்பது. ஃபாஸ்ட்கியூவில் ஒரு ரீடுக்கு நான்கு வரி: பெயர், எழுத்துகள், கூட்டல் குறி, தர மதிப்பெண். தரம் 30 என்றால் 1000 எழுத்துக்கு 1 தவறு, 20 என்றால் 100க்கு 1. எல்லாமே 30 என்று வைத்துக்கொண்டாலும் 45 கோடி எழுத்தில் நாலரை லட்சம் தவறுகள் இருக்கும். தவறுகள் பெரும்பாலும் அங்கங்கே சிதறிக் கிடக்கும். உண்மையான மாற்றம் ஒரே இடத்தில் எல்லா ரீடிலும் நிற்கும். இந்த வித்தியாசத்தைத்தான் மாற்றம் கண்டறியும் மென்பொருள்கள் நிகழ்தகவாகக் கணக்கிடுகின்றன.

படிகள்:

1. ஃபாஸ்ட்கியூசி போட்டுத் தரம் பாருங்கள். ஜிசி விகித (ஜி, சி எழுத்துகளின் பங்கு) வரைபடத்தைத் தவறவிடாதீர்கள். இந்தக் கிருமிக்கு 65.6 சதவீதம். 41 சதவீதத்தை ஒட்டி இன்னொரு மேடு தெரிந்தால் மனித டிஎன்ஏ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சளியிலிருந்து நேராக எடுத்த மாதிரிகளில் இது சகஜம்.

2. ஃபாஸ்ட்பி கொண்டு அடாப்டரையும் (துண்டுகளின் முனையில் ஆய்வகத்தில் ஒட்டிய செயற்கை வரிசை) தரம் குறைந்த முனைகளையும் வெட்டுங்கள். ஆர்1, ஆர்2 இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தனித்தனியாக வெட்டினால் ஒன்றில் நீங்கிய ரீடு மற்றதில் தங்கிவிடும், ஜோடி குலையும். அடுத்த படியில் ரீடுகளின் பெயர் ஒத்துவரவில்லை என்று பிடபிள்யூஏ நின்றுவிடும்.

3. எச்37ஆர்வி என்ற ஆய்வக வகையின் ஒப்பீட்டு ஜீனோமுடன் பிடபிள்யூஏ மெம் வழியாக ஒட்டுங்கள். அதன் வரிசை 1998இல் வெளியானது. இப்போதைய பதிப்பின் எண் என்சி_000962.3. தூய வளர்ப்பிலிருந்து எடுத்த மாதிரியில் 95 சதவீதத்துக்கு மேல் ஒட்ட வேண்டும். 60, 70 என்று வந்தால் அங்கேயே நிறுத்தி, மிச்ச ரீடுகள் யாருடையவை என்று பாருங்கள்.

4. சாம்டூல்ஸால் இட வரிசைப்படி அடுக்கி, பிசிஆர் நகல்களை (ஒரே துண்டின் பிரதிகளை) குறித்து, இன்டெக்ஸ் போடுங்கள்.

5. பிசிஎஃப்டூல்ஸால் மாற்றங்களை எடுங்கள். வெளிவருவது விசிஎஃப் கோப்பு, அதாவது மாற்றங்களின் பட்டியல்.

6. எந்த மாற்றம் எந்த மரபணுவில், எந்த அமினோ அமிலத்தை மாற்றுகிறது என்று குறித்து, உலக சுகாதார நிறுவனத்தின் திடீர்மாற்றப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதன் முதல் பதிப்பு 2021இலும் இரண்டாவது 2023இலும் வந்தது.

டிபி-புரொஃபைலர் உள்ளே செய்வதும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஒரு மாதிரியையாவது கையால் ஓட்டிவிட்டு அதன் பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 2 | மைக்கோ_மரபு

மேலே சொன்ன ஆறாவது படியில்தான் நுண்ணுயிரியல் படித்தவருக்கு வேலை இருக்கிறது. விசிஎஃப் வந்ததும் நாலு விஷயங்கள் குழப்பும்.

எண்முறை. ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்கு மிகப் பெரிய காரணம் ஆர்பிஓபி மரபணுவில் 450ஆம் இடத்தில் செரின் போய் லூசின் வருவது. ஜீனோமில் 761155ஆம் எழுத்து சி, டி ஆகும். பழைய கட்டுரைகளில் இதே மாற்றம் 531 என்று இருக்கும், ஏனென்றால் அது ஈ. கோலையின் எண். அந்தப் பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் 81. எந்த எண்முறை என்று எழுதாமல் அட்டவணை போட்டால், படிப்பவர் ஒரே மாற்றத்தை இரண்டாக எண்ணிவிடுவார்.

இழையின் திசை. ஐசோனியாசிட் எதிர்ப்புக்கு கேட்ஜி மரபணுவின் 315ஆம் இடத்தில் செரின் போய் திரியோனின். மூன்றெழுத்துக் குறியீடு ஏஜிசி, ஏசிசி ஆகிறது. அதாவது ஜி, சி ஆகிறது. விசிஎஃப்பில் 2155168ஆம் இடத்தில் சி, ஜி ஆனதாகத் தலைகீழாக இருக்கும். காரணம், கேட்ஜி எதிர் இழையில் இருக்கிறது. விசிஎஃப் எப்போதும் நேர் இழையைத்தான் எழுதும். கையால் மொழிபெயர்த்துப் பார்க்கும்போது இதை மறந்தால் வேறு அமினோ அமிலம் கிடைக்கும்.

பரம்பரை. காசநோய்க் கிருமி பல பரம்பரைகளாக (லீனியேஜ்) பிரிந்திருக்கிறது; எச்37ஆர்வி நான்காம் பரம்பரையைச் சேர்ந்தது. தமிழ்நாடு உட்படத் தென்னிந்தியாவில் முதல் பரம்பரைதான் அதிகம். அப்படிப்பட்ட மாதிரியில் ஒப்பீட்டோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசங்கள் வரும், கிட்டத்தட்ட எல்லாமே பரம்பரை அடையாளங்கள். இதில் ஏமாற்றுபவை இரண்டு: ஜைர்ஏ 95இல் செரினுக்குப் பதில் திரியோனின், கேட்ஜி 463இல் அர்ஜினினுக்குப் பதில் லூசின். முதலாவது ஃபுளூரோகுயினலோன் எதிர்ப்புக்குரிய மரபணுவில் இருக்கிறது, இரண்டாவது ஐசோனியாசிட் எதிர்ப்புக்குரியதில். இரண்டுமே எதிர்ப்பைத் தருவதில்லை. உண்மையில் 95இல் அரிதானது எச்37ஆர்வியில் இருக்கும் செரின்தான். ‘ஜைர்ஏவில் மாற்றம், ஆகவே எதிர்ப்பு’ என்று எழுதினால் நோயாளிக்கு வேலை செய்யும் மருந்தையே நிறுத்தச் சொன்னதாகிவிடும். ஜைர்ஏவில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் 90, 91, 94. உலக சுகாதார நிறுவனப் பட்டியலில், ஒரு மாற்றத்துக்கும் எதிர்ப்புக்கும் தொடர்பு எவ்வளவு உறுதி என்று காட்ட ஐந்து தரப்பிரிவு உண்டு. மாற்றத்தின் பெயரோடு அந்தத் தரத்தையும் எழுதுங்கள்.

மீள்வரிசைகள். பிஇ, பிபிஇ என்ற, ஒன்றையொன்று ஒத்த மரபணுக் குடும்பங்கள் மரபணுப் பகுதியில் ஏறத்தாழ 10 சதவீதம். ஐஎஸ்6110 என்ற இடம்மாறும் வரிசை எச்37ஆர்வியில் 16 இடங்களில் இருக்கிறது. ஒரு ரீடு இரண்டு இடங்களில் சமமாகப் பொருந்தினால் பிடபிள்யூஏ ஏதோ ஒன்றில் வைத்துவிட்டு ஒட்டல் தரத்துக்கு 0 போடும். அந்தப் பகுதியில் தெரியும் மாற்றங்களை நம்பக் கூடாது. விலக்க வேண்டிய பகுதிகளை பெட் (இடங்களின் பட்டியல்) கோப்பாகக் கொடுப்பார்கள். பெட்டில் எண்ணிக்கை 0இல் தொடங்கும், விசிஎஃப்பில் 1இல் தொடங்கும். எக்செலில் நீங்களாக ஒப்பிட்டால் ஓர் எழுத்து தள்ளிப்போகும்.

நுண்ணுயிரி_மாணவி

மிக்க நன்றி. ஒரு மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் சிக்கல். விசிஎஃப்பில் நிறைய இடத்தில் 0/1 (ஒரு பிரதி ஒப்பீட்டைப்போல, இன்னொன்று மாறியது) என்று வருகிறது. பாக்டீரியாவுக்கு ஒரே பிரதிதானே? அடுத்து, வளர்ப்புச் சோதனையில் ஐசோனியாசிட் எதிர்ப்பு என்று வந்த மாதிரியில் கேட்ஜியிலும், ஐசோனியாசிட் தாக்கும் இன்ஹாவிலும் எந்த மாற்றமும் காணோம்.

பதில் 3 | வரிசை_ஒட்டி

0/1க்குக் காரணம் இயல்பு அமைப்பு. எதுவும் சொல்லாவிட்டால் பிசிஎஃப்டூல்ஸ் மனிதரைப்போல இரண்டு பிரதி என்று எடுத்துக்கொள்ளும். ப்ளாய்டி (பிரதி எண்ணிக்கை) 1 என்று கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்த 0/1 இடங்களை ஒருமுறை பாருங்கள். மீள்வரிசையில் கொத்தாக இருந்தால் தவறான ஒட்டல். ஜீனோம் முழுக்கப் பரவியிருந்தால் இரண்டு வகைக் கிருமி கலந்த மாதிரியாக இருக்கலாம். ப்ளாய்டி 1 போட்டதும் அந்தத் தடயம் மறைந்துவிடும். அதனால் மாற்றம் எடுக்கும்போதே ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை ரீடு என்ற ஆழ எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். 120 ரீடில் 25இல் மட்டும் மாற்றம் என்றால் அது செய்தி. இன்னொன்று: பைல்-அப் (ரீடுகளை இடவாரியாக அடுக்கி எண்ணும்) படி இயல்பாக ஒரு கோப்புக்கு ஓரிடத்தில் 250 ரீடு வரைதான் எடுக்கும், உங்கள் ஆழம் 400 என்றால் உச்ச வரம்பை உயர்த்துங்கள்.

இரண்டாவது சிக்கலுக்கு விசிஎஃப்பை மூடிவிட்டு ஒட்டிய ரீடுகள் உள்ள பாம் கோப்பை ஐஜிவி என்ற காட்சி மென்பொருளில் திறந்து கேட்ஜிக்குப் போங்கள். மரபணு முழுவதுமே இல்லாமல் போயிருக்கலாம். ஐசோனியாசிட் வேலை செய்ய, கிருமியின் கேட்ஜி நொதி அதை முதலில் செயல்நிலைக்கு மாற்ற வேண்டும். மரபணு நீங்கினால் மருந்து மருந்தாகவே ஆவதில்லை. ஆனால் ஒரு ரீடுகூட இல்லாத இடத்தில் எழுத்து மாற்றத்தைத் தேடும் மென்பொருள் எதையும் சொல்லாது. ‘மாற்றம் இல்லை’ என்பதும் ‘தரவே இல்லை’ என்பதும் விசிஎஃப்பில் ஒரே மாதிரி, வெறுமையாகத் தெரியும். எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றுக்கும் ஆழத்தைத் தனியாக எடுத்து அட்டவணையில் வையுங்கள். 10க்குக் கீழே உள்ள இடங்களுக்கு ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள்.

இன்ஹாவில் மரபணுவுக்குள் மட்டும் பார்த்தீர்களா? அதற்கு முன்னால் ஃபேப்ஜி1 மரபணுவின் முன்பகுதியில், தொடக்கத்துக்கு 15 எழுத்து முன்னே சி, டி ஆவது மிகப் பரவலான மாற்றம், இடம் 1673425. அமினோ அமில மாற்றங்களை மட்டும் வடிகட்டி எடுத்தால் இது விடுபடும்.

பதில் 4 | மைக்கோ_மரபு

கேட்ஜி முழுதாக இருந்து, முன்பகுதியும் மாறாமல் இருந்தால் இன்னொரு காரணம் உண்டு. விகிதமுறை வளர்ப்புச் சோதனையில் மருந்துள்ள ஊடகத்தில் 1 சதவீதம் கிருமி வளர்ந்தாலே எதிர்ப்பு என்பார்கள். 100 மடங்கு ஆழத்தில் 1 சதவீதம் என்பது ஒரே ஒரு ரீடு. அதைச் சீக்வென்சிங் பிழையிலிருந்து பிரிக்கவே முடியாது. அறிக்கையில் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வளர்ப்புச் சோதனை தவறு என்று எழுத உங்கள் தரவில் ஆதாரம் இல்லை.

பதில் 5 | முனைய_ஜன்னல்

நிறுவுதல் பற்றி மட்டும். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு உபுண்டு, அதில் கொண்டா (மென்பொருள் நிறுவும் கருவி), பயோகொண்டா சேனலிலிருந்து மென்பொருள்கள். டிபி-புரொஃபைலருக்குத் தனிச் சூழல் உருவாக்குங்கள். மற்றவற்றோடு கலந்தால் பதிப்பு மோதல் வரும்.

டபிள்யூஎஸ்எல்2 இயல்பாக ராமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு 4 ஜிபி. சாம்டூல்ஸ் அடுக்கும்போது ஒரு த்ரெட்டுக்கு 768 எம்பி கேட்கும். 8 த்ரெட் கொடுத்தால் 6 ஜிபி ஆகும். ‘கில்டு’ என்று ஒரு சொல் மட்டும் காட்டிவிட்டு நின்றுபோகலாம். 2 த்ரெட் போதும். கோப்புகளை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் ஹோம் கோப்புறைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஊர்ந்துதான் நகரும்.

தரவை இறக்கியதும் எம்டி5 எண்ணை (கோப்பு முழுமையாக வந்ததா என்று காட்டுவது) சரிபாருங்கள். பாதியில் அறுந்த ஜிசிப் கோப்பு சில சமயம் புகார் சொல்லாமல் ஓடிவிடும்; ஆழம் மட்டும் குறைந்திருக்கும். மரபணு விளக்கக் கோப்பில் குரோமோசோமின் பெயர் ஒருவிதமாகவும் ஒப்பீட்டில் என்சி_000962.3 என்றும் இருந்தால் எந்த மாற்றமும் எந்த மரபணுவோடும் சேராது. ஆறாவது படியில் வெறுமையான முடிவு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் மாதிரிகளுக்கு முன் எச்37ஆர்வியின் ரீடுகளையே ஈஎன்ஏ தரவுத்தளத்திலிருந்து இறக்கி முழு வரிசையிலும் ஓட்டுங்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மாற்றங்கள் வந்தால் சரி. நூற்றுக்கணக்கில் வந்தால் உங்கள் வடிகட்டல் தளர்வாக இருக்கிறது. மீள்வரிசைப் பகுதிகளை விலக்கினீர்களா, ஒட்டல் தர வரம்பு போட்டீர்களா என்று அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.