பெரியப்பாவுக்கு மரக்கட்டை ரைபிள்: எது வாங்கலாம்?

பெரியப்பாவுக்கு 72 வயசு. இலக்கு சுடறதுன்னா உயிர். இப்ப தோள்வலி, கண்ணும் மங்கல். ஸ்டாக் (தோள்ல வைக்கற கட்டை) பிளாஸ்டிக்னா தொடவே மாட்டார். பட்ஜெட் கம்மி. காத்தழுத்தத்துல சுடற ஏர் ரைபிளா, மருந்துத் தோட்டா போடற .22 ரைபிளா?

பதில் 1: 10 மீட்டருக்கு வைராக் எச்டபிள்யூ 30எஸ் ஏர் ரைபிள். பீச் மரம், சுமார் 2.5 கிலோ. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏத்தறது லேசு, தோளுக்கு நோகாது. ட்ரிகர் அருமை, ரெண்டு கட்டமா இழுபடும்; முதல் கட்டம் முடியற இடம் விரலுக்குத் தெளிவா தெரியும்.

பதில் 2: 50 மீட்டர்னா சிஇசட் 457, .22 ரைபிள். உதை பெரிசா இருக்காது. ஆனா தோட்டாச் செலவு ஓயாது, லைசென்ஸும் பாருங்க.

கேட்டவர்: 10 மீட்டர்தான். டெலஸ்கோப் அவருக்குப் பிடிக்காது.

பதில் 1: அப்போ பின்னாடி டயாப்டர் (சின்ன ஓட்டை வச்ச பின் சைட்) மாட்டுங்க. அந்த ஓட்டை வழியா பார்க்கும்போது முன் சைட்டும் (குழல் நுனில இருக்கற குறி) இலக்கும் ஒண்ணா தெளியும். வயசான கண்ணுக்கு அதுதான் சரி. வாங்கறதுக்கு முன்னாடி அவரையே தோள்ல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கட்டை நீளமா இருந்தா கன்னம் மரத்துல படியாது.