வகுப்பறையில் விசுவாசம்: ஜெபத்திலா, தாள் திருத்துவதிலா?

கரும்பலகை

பெங்களூர்ச் சிறுபான்மைப் பள்ளிகளில் வேலை பார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவ ஆசிரியர்கள் இந்த இணைய விவாதக் குழுவில் நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால் நேராகவே எழுதுகிறேன். முதல் பீரியடில் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, ஆசிரியர் சத்தமாக ஜெபம் பண்ணிவிட்டுப் பாடம் தொடங்கும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அது தேவையில்லை. தேவையில்லை என்பதோடு, தவறும்கூட என்பது என் கருத்து.

சிவாஜிநகர், அல்சூர் பக்கத்து வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு என்று வீட்டுக்கு ஒரு மொழி, ஆளுக்கொரு சமயம். அந்தப் பிள்ளைகள் எழுந்து வெளியே போக முடியாது. மார்க் போடும் பேனா ஆசிரியர் கையில். அந்தப் பேனாவுக்கு முன்னால் நின்று சொல்லும் ஆமெனில் எவ்வளவு மனசு இருக்கும்?

விசுவாசம் தெரிய வேண்டிய இடம் வேறு. ஒரு கட்டு விடைத்தாளை ஒரே மூச்சில் திருத்தினால் முதல் பத்துத் தாளுக்கு ஒரு கண், கடைசிப் பத்துக்கு வேறு கண். நல்லாப் படிக்கிறவள் என்று பெயர் எடுத்தவளின் அரைகுறை விடைக்கு ‘தெரிஞ்சுதான் எழுதியிருப்பா’ என்று இரண்டரை விழும். கடைசி பெஞ்சுப் பையனின் அதே விடைக்கு ஒன்றரை. இதைத் தடுக்க வழி உண்டு. பெயர் இருக்கும் மேல் மூலையை மடித்து கிளிப் போட வேண்டும். முதல் கேள்வியை எல்லாத் தாளிலும் முடித்த பிறகே இரண்டாம் கேள்வி. நடுவில் கட்டைக் கலைத்து அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பிள்ளையின் தாள் ஒவ்வொரு முறையும் நாம் களைத்துப்போன நேரத்தில் மாட்டும். கையெழுத்தை வைத்து ஆள் தெரிந்துவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் மார்க் பிரிப்பை முதலிலேயே எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம்: சூத்திரத்துக்கு 1, பிரதியிட்டதற்கு 1, அலகோடு சேர்ந்த விடைக்கு 1.

கேள்வி கேட்பதும் அப்படித்தான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துக் காட்டினார். மூன்று நொடி பொறுத்தால் பதில் நீள்கிறது, வாய் திறக்காத பிள்ளையும் பேசுகிறது. லூக்கா 15இல் மேய்ப்பர் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறாரே, வகுப்பில் அந்தத் தேடல் இந்த மூன்று நொடிதான்.

காக்ஸ்டவுன்காரன்

பிரதர், தாள் திருத்துவது பற்றி எழுதியது அத்தனையும் சரி. ஆனால் அதை ஒரு நாத்திக ஆசிரியரும் செய்வார், செய்கிறார். நேர்மையாக மார்க் போடுவது சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும் உள்ள கடமை. அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டு ஜெபத்தை மட்டும் வெளியே தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. விளக்கை ஏற்றி மரக்காலால் மூடிவைக்கிறதில்லை என்று மத்தேயு 5இல் ஆண்டவர் சொன்னது ஆசிரியருக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன? ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியதும் பள்ளி நடத்துவதும் ஜெபம் பண்ணுவதும் ஒரே ஊழியமாகத்தான் தொடங்கின. பெங்களூரிலும் ஆலயத்தை ஒட்டித்தான் பள்ளி எழுந்தது. வாசலில் சிலுவையைப் பார்த்துவிட்டுத்தான் பெற்றோர் விண்ணப்பம் வாங்குகிறார்கள்.

மூன்றாவது, நடைமுறை. பி.டி. பீரியட் முடிந்து வியர்வையோடு உள்ளே வரும் ஏழாம் வகுப்பை அடக்க ‘சைலன்ஸ்’ என்று பத்து முறை கத்த வேண்டும். நாற்பது நொடி ஜெபம் அந்தக் கத்தல் இல்லாமலே வகுப்பை அமைதியாக்கும்.

கரும்பலகை

வகுப்பை அடக்குவதற்கு ஜெபம் என்றால் ஜெபத்தின் மதிப்பு அங்கேயே குறைந்துபோகிறது, பிரதர். மத்தேயு 5க்கு அடுத்த அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். மனிதர் காணும்படி நின்று ஜெபம்பண்ண வேண்டாம், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்கிறார்.

அமைதிதான் வேண்டுமென்றால் அதற்கு மௌனம் போதும். முறை இது: வந்து உட்கார்ந்ததும் பை கீழே, கை மேசைமேல். ஆசிரியர் பலகையில் தேதியும் பாடத் தலைப்பும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. கண்ணை மூடச் சொல்லாதீர்கள். சொன்னால் யார் திறந்தார்கள் என்று வேவு பார்ப்பதிலேயே நேரம் போகும், ‘மிஸ், இவன் கண்ணைத் திறந்தான்’ என்று புகாரும் வரும். முதல் வாரம் 20 நொடி, பிறகு மெல்லக் கூட்டி ஒரு நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் சின்ன வகுப்புகளில் சிரிப்பு கிளம்பும். அந்த நேரத்தில் ஆசிரியர் மனசுக்குள் ஜெபிக்கட்டும். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களில் ஒரு நாளைக்கு ஐந்தை எடுத்துக்கொண்டால் ஒன்பது வேலை நாளில் 45 பிள்ளைகளுக்கும் ஜெபித்து முடித்துவிடலாம். அது அவர்களுக்குத் தெரியவே வேண்டியதில்லை.

சட்டப்புத்தகம்

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிட்டுப் பேசலாம். அரசியலமைப்பின் பிரிவு 30(1) சிறுபான்மையினர் பள்ளி தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் 28(3) படி, அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது உதவி பெறும் பள்ளியில் படிக்கும் யாரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தக் கூடாது. மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனைக்கே இடமில்லை, அது 28(1). ‘வாசலில் சிலுவையைப் பார்த்தார்கள்’ என்பது சம்மதம் ஆகாது.

சேர்க்கைப் படிவத்தின் ஓரத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டாலும் பிரச்சினை தீராது. பிள்ளை பைபிள் கொண்டுவருவதை ஆட்சேபிக்க மாட்டோம் என்று பெற்றோர் உறுதி கொடுக்கும்படி இருந்த ஒரு படிவத்தால்தான் 2022 ஏப்ரலில் பெங்களூரில் அவ்வளவு பெரிய சர்ச்சை எழுந்தது. சீட் கிடைக்குமா என்ற பதற்றத்தில் பெற்றோர் எதிலும் கையெழுத்துப் போடுவார்கள். அதனால் சம்மதத்தைத் தனித் தாளில், சீட் உறுதியான பிறகு, ஒவ்வொரு கல்வியாண்டும் வாங்க வேண்டும். ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’ இரண்டுக்கும் ஒரே அளவில் கட்டம் இருக்க வேண்டும். கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் என்று வீட்டில் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. 1986இல் கேரளத்தின் மூன்று பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த அவர்கள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். அவர்களை வெளியேற்றியது செல்லாது என்றது நீதிமன்றம். நம் பிள்ளைகள் இன்னொரு நிர்வாகத்தின் பள்ளியில் வேறொரு பிரார்த்தனைக்கு வாய் திறக்க மறுத்தால் அவர்களைக் காப்பதும் இதே கொள்கைதான். நமக்கு வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம் என்று அதைப் பிரிக்க முடியாது.

பெரியம்மா_அல்சூர்

நான் இந்து, இந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் தரப்பு. தம்பிங்க ரெண்டு பேரும் ஜெபத்தையே சுத்திச் சுத்தி வர்றீங்க. எங்களுக்கு ஜெபம் பெரிய விஷயமே இல்லை. செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்திக்கிட்டு சிவாஜிநகர் பசிலிக்காவுக்கு வர்றவங்கள்ல எத்தனையோ பேர் இந்துக்கள். சாமி பேரைச் சொல்றதால யாரும் கெட்டுப்போக மாட்டாங்க.

வலிக்கிறது வேற. ‘விக்கிரகம் கும்பிடுறவங்க எங்கே போவாங்க’ன்னு ஒரு வரி. பொட்டைப் பத்தி ஒரு வார்த்தை. பிரசாதம் கொண்டுவந்த டப்பாவைப் பார்த்து முகம் சுளிக்கிறது. அந்த ராத்திரி பிள்ளை பாட்டி முகத்தையே பார்த்துக்கிட்டு உட்காரும். ஜெபத்தை நிறுத்திட்டு இதையெல்லாம் வச்சிருந்தா என்ன பிரயோஜனம்? ரம்ஜான்ல நோன்பு இருக்கிற பிள்ளையை மத்தியான வெயில்ல கிரவுண்டைச் சுத்தி ஓடச் சொல்றதும் அதே மாதிரிதான்.

உயிரியல்_டீச்சர்

அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நோன்பு மாதத்தில் உடற்பயிற்சி பீரியடை முதல் இரண்டு பீரியடுக்குள் மாற்றிவிட்டால் போதும். மதிய உணவு நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு நூலகம் திறந்திருக்கட்டும், டிபன் வாசனைக்கு நடுவே உட்கார வைக்காதீர்கள். யூனிட் டெஸ்டைக் கடைசிப் பீரியடில் வைக்காதீர்கள். சுற்றறிக்கைகூட வேண்டாம், கால அட்டவணை போடுகிற ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும்.

நான் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். விசுவாசம் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தில் மெண்டல் வருகிறார். அகஸ்தீனார் சபைத் துறவி, மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தவர். இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டைச் செடி, 277 குட்டைச் செடி என்று எண்ணினார். 3:1 விகிதத்தைச் சும்மா பலகையில் எழுதிவிட்டுப் போகாமல் அந்த எண்களைப் போட்டு வகுக்கச் சொல்லுங்கள், 2.84 வரும். சரியாக 3 வரவில்லையே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் நிகழ்தகவு தொடங்குகிறது. அவர் 1866இல் வெளியிட்டதைப் பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆனாலும் அவர் எண்ணியது எண்ணியதுதான்.

பரிணாமத்திலும் தடுமாற வேண்டாம். பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள், ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது. மனித உடலின் தோற்றம் பற்றிப் பரிணாமக் கொள்கையை ஆராயத் தடையில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950லேயே எழுதினார். இது கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார் இரண்டாம் யோவான் பவுல், 1996இல். ‘இதைத் தேர்வுக்கு மட்டும் படிங்க, நம்ப வேண்டாம்’ என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர் அறிவியலுக்கும் உண்மையாக இல்லை, இறைவனுக்கும் உண்மையாக இல்லை.

காக்ஸ்டவுன்காரன்

பெரியம்மா சொன்னது மனசில் தைத்தது. அப்படிப் பேசுகிற ஆசிரியர்களுக்காக நான் வாதாடவே மாட்டேன். பரிணாமத்தில் உயிரியல் டீச்சரோடு எனக்கு வேறுபாடு உண்டு, ஆனால் பாடப் புத்தகத்தில் உள்ளதை ஒளிக்காமல் முழுசாக நடத்த வேண்டும் என்பதில் இல்லை.

ஆனால் பிள்ளையே கேட்டால்? ‘சார், நீங்க ஏன் ஜெபம் பண்றீங்க?’, ‘செத்துப்போனா என்ன ஆகும்?’ இதற்கும் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறீர்களா? உங்கள் நம்பிக்கையைப் பற்றி யார் கேட்டாலும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது முதலாம் பேதுரு 3:15.

கரும்பலகை

மூடச் சொல்லவில்லை. அதே வசனம் சாந்தத்தோடு, மரியாதையோடு என்றும் சொல்கிறது. கேட்டவருக்குத்தான் பதில், கேட்காத நாற்பத்துநாலு பேருக்கு இல்லை.

ஏன் ஜெபிக்கிறீர்கள் என்று கேட்டால் ‘நான் இயேசுவை நம்புகிறேன், அதனால்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பலாம், ஒளிக்க ஒன்றுமில்லை. சாவைப் பற்றிய கேள்வி அப்படியில்லை. அதற்குப் பின்னால் பெரும்பாலும் வீட்டில் ஏதோ நடந்திருக்கும். பதில் சொல்வதற்கு முன் ‘ஏம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?’ என்று இடைவேளையில், கதவு திறந்திருக்க, தனியாகக் கேளுங்கள். ‘பாட்டி செத்துட்டாங்க’ என்று வந்தால் அங்கே போதனைக்கு இடமில்லை. பாட்டியைப் பற்றி அந்தப் பிள்ளை பேசட்டும். ‘உங்க வீட்டில் இதற்கு என்ன சொல்வாங்க?’ என்று கேட்டு அந்தப் பதிலை மதியுங்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள், ஒரு வாரத்துக்கு வீட்டுப்பாடத்தில் கெடுபிடி வேண்டாம். நாம் எதை நம்புகிறோம் என்பதை அன்றைக்குச் சொல்லவே கூடாது. துக்கத்தில் இருக்கிற பிள்ளை எதற்கும் தலையாட்டும்.

புதிய_உறுப்பினர்

பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகள் 13இல் இருக்கிறதே? ஒழுக்கத்தையும் இந்த விவாதத்தில் சேர்க்க வேண்டாமா?

சட்டப்புத்தகம்

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: உடல் தண்டனையும் கூடாது, மனதைத் துன்புறுத்துவதும் கூடாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் தீர்ப்பு வந்ததைக் காட்டிச் சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஆனாலும் தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையை அடிப்பது சிறார் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவில் தனியாகவே குற்றம்.

காக்ஸ்டவுன்காரன்

அந்த வசனம் தகப்பனுக்குச் சொன்னது, வாத்தியாருக்கு இல்லை தம்பி. வாத்தியாருக்கு வேண்டியது யாக்கோபு 3:1, போதிக்கிறவர்களுக்கு நியாயத்தீர்ப்பு கடினமாயிருக்கும்.

மூல விஷயத்துக்கு வருகிறேன். சம்மதத் தாள் தனியாக என்பது சரி. வகுப்பு நேரத்துக்குள் ஜெபம் வேண்டாம் என்பதையும் ஏற்கலாம். ஆனால் பள்ளியில் ஜெபமே கூடாது என்றால் ஏற்க மாட்டேன். பள்ளியைக் கட்டிய சபைக்கு அந்த உரிமை உண்டு, சட்டப்புத்தகம் காட்டிய 30(1)உம் அதற்குத்தான்.

சட்டப்புத்தகம்

அப்படியானால் நேரத்தைச் சரியாக வையுங்கள். அசெம்பிளி 8:30 என்றால் ஜெபம் 8:15க்கு, சிற்றாலயத்திலோ ஹாலிலோ. சம்மதமில்லாத பிள்ளை கால் மணி நேரம் தாமதமாக வரும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஜெபத்தை அசெம்பிளியின் கடைசியில் வைத்தால் அந்தப் பிள்ளைகள் எல்லார் முன்னாலும் வரிசையை விட்டு வெளியே நடக்க வேண்டிவரும். அப்படி நடக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மனசு வராது, நின்றுவிடும். காகிதத்தில் மட்டும்தான் விருப்பம் என்று ஆகிவிடும்.

பெரியம்மா_அல்சூர்

எங்க பிள்ளைங்க நிறைய பேர் ஸ்கூல் வேன்ல வர்றாங்க தம்பி, வேன் எட்டு மணிக்கே இறக்கிவிட்டுடும். அந்த அரை மணி நேரம் அவங்களை எங்கே உட்கார வைப்பீங்க, யார் பார்த்துக்குவாங்க? வராண்டாவுல நிக்க வச்சா அது தண்டனை மாதிரி ஆயிடும்.

உயிரியல்_டீச்சர்

நூலகத்தை எட்டு மணிக்கே திறக்கச் சொல்லலாம் அம்மா. ஜெபத்துக்குப் போகாத ஆசிரியர்களும் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டால் அவர்களில் ஒருவர் உள்ளே இருப்பார். சம்மதம் கொடுத்த பிள்ளைகளுக்கும் நூலகம் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அறைக்கே ஒரு முத்திரை விழுந்துவிடும்.